கோணல் சுவர் கட்டும் உரிமை

எங்கள் வீட்டுப் பின்பக்கம், முருங்கை மரத்துக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில், ஒரு சின்ன அறை இருக்கிறது. எட்டடிக்கு ஆறடி. ஹாலோ பிளாக் சுவர், மேலே தகர ஷீட், ஒரே ஒரு கதவு. உள்ளே மண்வெட்டி, கடப்பாரை, தண்ணீர் ட்யூப், எரு மூட்டை, அம்மா தூக்கிப்போட மனம் வராமல் வைத்திருக்கும் உடைந்த பூந்தொட்டிகள். சூரமங்கலத்தில் ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெரு எங்களுடையது. ஜங்ஷனுக்குள் வண்டி நுழையும்போதெல்லாம் ஷீட் லேசாக அதிரும். அந்த அறையின் கிழக்குச் சுவர் மேலே போகப்போக உள்பக்கம் சாய்கிறது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் முக்கால் இன்ச்.

போன வருடம், சனி ஞாயிறுகளில் அதைக் கட்டினேன். முடிந்ததும் போட்டோ எடுத்துப் போட்டேன். "நீங்களேவா ப்ரோ? வேற லெவல்" என்றார்கள். "லேப்டாப் பிடித்த கை கரண்டியும் பிடிக்கும்" என்றார் ஒருவர். சுவர் கோணலாக இருப்பதைக் கவனித்த இலக்கிய நண்பர் ஒருவர், அதுதான் அழகு, மனிதக் கை பட்டதற்குச் சாட்சி என்று எழுதினார். இன்னொருவர் ஜப்பானிய அழகியலை இழுத்து வந்தார். எல்லாவற்றுக்கும் இதயம் போட்டேன். இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது.

இந்தக் கட்டுரை அந்தக் கைத்தட்டலுக்கு எதிரானது. கைத்தட்டியவர்களுக்கு எதிரானது என்றும் வைத்துக்கொள்ளலாம். முதலில் எனக்கு எதிரானது.

கோணலாக ஒரு சுவர் கட்டுவதற்கு ஓர் உரிமை வேண்டும். கல்லை உடைக்கலாம், சிமெண்டை வீணடிக்கலாம், இரண்டு வரி வைத்துவிட்டுப் பிரித்துப் போடலாம், யாரும் கூலியைப் பிடிக்க மாட்டார்கள், நாளையிலிருந்து வராதே என்று சொல்ல மாட்டார்கள் என்கிற உரிமை. கற்றுக்குட்டியாக இருக்கும் உரிமை. முப்பத்தைந்து வயதில், எந்த முன்னனுபவமும் இல்லாமல், எனக்கு அது இருந்தது. எனக்கு ஆறடி தள்ளி நின்று கலவை போட்டுக்கொண்டிருந்த அக்காவுக்கு இருபத்திரண்டு வருடமாகக் கட்டடத்திலேயே இருந்தும் அது இல்லை.

ஆமாம், அக்கா ஒருவர் இருந்தார். மேஸ்திரி ஒருவரும் இருந்தார். போட்டோவில் இரண்டு பேரும் இல்லை.

*

மேஸ்திரி எங்கள் தெருக்காரர். முழங்கால் தேய்ந்து வேலையை விட்டுவிட்டவர். சாயங்காலம் பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்து என்னைத் திட்டுவதற்காகவே வருவார். எட்டுக்கு ஏழு வைக்கலாம் என்று நான் பேப்பரில் படம் வரைந்து வைத்திருந்தேன். அவர் பார்த்துவிட்டு, "எட்டுக்கு ஆறு வைய்யி தம்பி. மூலைக்கு மூலை டேப்பு புடிச்சா கரெக்டா பத்தடி வரணும். வந்துச்சுன்னா உன் ரூம்பு சதுரமா நிக்குதுன்னு அர்த்தம்" என்றார். பிதாகரஸ் என்று நான் ஆரம்பித்தேன். "பேரு எவனா இருந்தா என்ன, நூலை இழுத்துப் புடி" என்றார்.

இன்ஜினியரிங் படித்தவன்தான் நான். கம்ப்யூட்டர் சயின்ஸ். முதல் வருடத்தில் எங்களுக்கும் அடிப்படை சிவில், மெக்கானிக்கல் என்று ஒரு பாடம் உண்டு. செங்கலை ஊறவைத்துக் கட்ட வேண்டும் என்று அதில் படித்த ஞாபகம். பாட்டி வீடு கட்டும்போது செங்கல்லைத் தொட்டியில் போட்டதையும் பார்த்திருக்கிறேன். அதனால் முதல் நாள் காலையிலேயே நாற்பது ஹாலோ பிளாக்கை வரிசையாக அடுக்கி, ட்யூபைத் திறந்துவிட்டு, பெருமையாக நின்றுகொண்டிருந்தேன்.

அக்கா அப்போதுதான் வந்தார். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் சும்மாட்டுத் துணி, கூடையில் டிபன் பாக்ஸ். "என்னங்க தம்பி பண்றீங்க? இது சூளைச் செங்கல்லுங்களா? சிமெண்டுக் கல்லுங்க. இப்படி ஊற வெச்சா கட்டுனப்புறம் காஞ்சு சுருங்கிச் செவுரு வெடிக்கும். மேலாக்க லேசாத் தெளிச்சாப் போதுங்க" என்றார்.

அவர் சொன்னது சரி. சுட்ட செங்கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும், அதனால் ஊறவைக்கிறோம். கான்கிரீட் கல் ஈரத்தில் கொஞ்சம் விரியும், காயும்போது சுருங்கும். சுவரில் ஏறிய பிறகு சுருங்கினால் இணைப்புகளில் விரிசல் ஓடும். நான் அன்று ராத்திரி தேடிப் படித்துத்தான் இதைத் தெரிந்துகொண்டேன். அக்கா யாரிடமும் கேட்டுப் படித்ததில்லை. எத்தனையோ சுவர் வெடித்ததையும் வெடிக்காததையும் பக்கத்தில் நின்று பார்த்தவர்.

அடுத்தது கலவை. ஒரு பங்கு சிமெண்ட், ஆறு பங்கு எம் சாண்ட். எண்ணிக்கை எனக்குத் தெரியும். முதலில் காய்ந்தபடியே நிறம் ஒன்றாகும்வரை புரட்ட வேண்டும், நடுவில் குழி பறித்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். எவ்வளவு தண்ணீர்? சிமெண்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம்தான் கான்கிரீட்டின் வலுவைத் தீர்மானிக்கிறது என்று டஃப் ஆப்ரம்ஸ் 1918இல் சிகாகோவில் நிறுவினார். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் மண்வெட்டியைப் பிடித்ததும் கை தானாக இன்னொரு குவளை தண்ணீர் ஊற்றுகிறது. ஊற்றினால் புரட்டுவது சுலபம். கற்றுக்குட்டிகள் எல்லோரும் தண்ணீர் ஊற்றுகிறவர்கள்தான். தண்ணீர்க் கலவையில் வைத்த கல் தன் எடையில் மெல்ல இறங்கி ஒருபக்கம் சாயும். என் கிழக்குச் சுவரின் முக்கால் இன்ச் அப்படி வந்தது. முதல் நாள் கலவையை நானேதான் போடுவேன் என்று அடம்பிடித்ததன் பலன்.

அக்கா கலவையை ஒரு பிடி எடுத்து அழுத்துவார். உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வரக்கூடாது. அவ்வளவுதான் பரிசோதனை. வெயில் ஏற ஏற தண்ணீர் அளவை மாற்றுவார். இன்னொன்றைக் கவனித்தேன். சிமெண்ட் இறுக ஆரம்பித்துவிட்டால் கலவை வீண். ஆகவே கல் வைக்கிறவனின் வேகத்துக்குத்தான் கலவை போட வேண்டும். நான் தடுமாறும்போது அக்கா அரைச் சட்டி போட்டார். கொஞ்சம் வேகம் பிடித்ததும் முக்கால் சட்டி. ஒருமுறைகூட நான் கேட்கவில்லை, ஒருமுறைகூட மிச்சமாகவில்லை. சர்வருக்கு வரும் கோரிக்கைகளின் வேகத்தைப் பார்த்து வரிசையைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் எழுத எங்கள் ஆபீசில் ஒரு குழுவே இருக்கிறது. அவர்களுக்கு என்ன சம்பளம் என்று எனக்குத் தெரியும்.

இந்த வேலைக்கு அரசாங்கக் காகிதத்தில் ஒரு பெயர் உண்டு. குறைந்தபட்சக் கூலி அறிவிப்புகளில் தொழிலாளர்களைத் திறன் பெற்றவர், அரைத்திறன் பெற்றவர், திறன் பெறாதவர் என்று பிரிப்பார்கள். கொத்தனார் திறன் பெற்றவர். சித்தாள் திறன் பெறாதவர். எங்கள் பக்கத்தில் சித்தாளுக்குக் கிடைப்பது கொத்தனார் கூலியில் கிட்டத்தட்ட பாதி.

பரீட்சை எழுதிப் பட்டம் வாங்கிய எனக்கு அந்தக் கலவை வரவில்லை. அது வந்த அக்கா திறன் பெறாதவர். இந்தப் பிரிவினையை யார் எழுதினார்களோ அவர்கள் ஒரு நாளாவது மண்வெட்டியால் சாந்து புரட்டியிருப்பார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

*

"ஏங்க, கூலி வித்தியாசம் எல்லா வேலையிலும் இருக்கிறதுதானே? சீனியர், ஜூனியர் என்று உங்கள் கம்பெனியில் இல்லையா?" என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் ஜூனியர் சீனியர் ஆவான். சித்தாளாக வேலைக்குச் சேரும் ஒரு பெண் சித்தாளாகவே ஓய்வு பெறுகிறார். அதுதான் பிரச்சினை.

மேஸ்திரியும் ஆளாக வந்தவர்தான். பதினாலு வயதில் மண் சுமக்க வந்தாராம். "மூணே வருசத்துல கரண்டி புடிச்சேன்" என்பார். எப்படி என்று கேட்டேன். மதியம் கொத்தனார்கள் சாப்பிடப் போனதும் பையன்கள் கரண்டியை எடுத்து விளையாட்டாக நாலு கல் வைப்பார்களாம். திரும்பி வந்த கொத்தனார் தலையில் ஒரு தட்டு தட்டி, பிரித்துவிட்டு, எப்படி வைக்க வேண்டும் என்று காட்டிக்கொடுப்பார். "அந்த நேரத்துல சித்தாள் பொம்பளைங்க என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டேன். மேஸ்திரி கொஞ்சம் யோசித்தார். "சட்டி கழுவுவாங்க. தண்ணி புடிச்சு வெப்பாங்க" என்றார்.

அந்தத் தட்டும் அந்தக் காட்டிக்கொடுத்தலும்தான் கல்வி. அதற்குச் சான்றிதழ் கிடையாது, வகுப்பறை கிடையாது. ஆம்பளைப் பையனாக இருந்தால் போதும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் உனக்கு அட்மிஷன்.

பெண்ணுக்கு உடம்பு வலு போதாது என்று ஒரு காரணம் சொல்வார்கள். ஆறு இன்ச் ஹாலோ பிளாக் ஒன்று 15 கிலோவுக்கு மேல் இருக்கும். என் அறைக்கு 200 கல்லுக்கு மேல் ஆனது. தெருவில் இறக்கிய இடத்திலிருந்து பின்கட்டுவரை அதில் பாதிக்கு மேல் தலையில் சுமந்தவர் அக்கா. நாலாவது வரிக்கு மேல் கல்லைத் தூக்கி என் கைக்கு எட்டும்படி கொடுத்தவரும் அவர்தான். நான் பிடித்திருந்த கரண்டி ஒரு கிலோகூட வராது. கனமானதெல்லாம் பெண்ணுக்கு, கரண்டி ஆணுக்கு. இதற்குப் பெயர் உடல் வலுவாம்.

சாரம் ஏறுவது பெண்களுக்குச் சரிவராது என்பது அடுத்த காரணம். சட்டியைத் தலையில் வைத்து, இரண்டு கையும் மேலே இருக்க, மூங்கில் ஏணியில் ஏறுகிறவர்கள் யார் என்று ஒருநாள் எந்தக் கட்டடத்தின் முன்னாலும் நின்று பாருங்கள். அவர்களுக்கே விருப்பமில்லை என்பது மூன்றாவது காரணம். ஜார்க்கண்டில் 2017, 2018 வாக்கில் கிராமங்களில் கழிப்பறை கட்டக் கொத்தனார்கள் போதவில்லை. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே கொத்தனாரை ராஜ் மிஸ்திரி என்பார்கள். இந்தப் பெண்களுக்கு ராணி மிஸ்திரி என்று பெயர் வந்தது. பல்லாயிரக்கணக்கானவர்கள் கரண்டி பிடித்தார்கள். கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் பயிற்சி எடுத்து முழு வீடுகளே கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். ஆக, விருப்பம் திடீரென்று எங்கிருந்தோ வந்துவிட்டதா? ஆண்கள் போதாமல் போன இடத்தில், அரசாங்கம் பின்னால் நின்ற இடத்தில், கதவு திறந்தது. அவ்வளவுதான்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. தமிழ்நாடு இந்த விஷயத்தில் முன்னோடியும்கூட. 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம், 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம். மத்தியச் சட்டம் வந்தது 1996இல்தான். அக்காவிடம் வாரிய அட்டை இருக்கிறது. அதைப் போராடி வாங்கித் தந்த சங்கங்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அட்டை அவரைக் கீழே விழாமல் பிடிக்கிறது, மேலே ஏற்றவில்லை. 1976இல் சம ஊதியச் சட்டம் வந்தது. ஒரே வேலைக்கு, அல்லது ஒரே மாதிரியான வேலைக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. எவ்வளவு நல்ல சட்டம்! பெண்ணை அந்த வேலைக்குள்ளேயே விடாவிட்டால், யாரும் அதை மீற வேண்டிய அவசியமே இல்லை.

*

நம்மைப் போன்ற வாசிக்கிற கூட்டத்துக்கு "நானே கட்டினேன்" என்பதில் ஒரு மயக்கம் உண்டு. அதன் மூதாதை ஹென்றி டேவிட் தோரோ. ஹார்வர்டில் படித்தவர். 1845இல் வால்டன் குளக்கரையில் பத்தடிக்குப் பதினைந்தடியில் ஒரு குடிசை கட்டினார். செலவுக் கணக்கைப் பைசா விடாமல் புத்தகத்தில் போட்டார். மொத்தம் 28 டாலர் பன்னிரண்டரை சென்ட். அதில் கூலி இல்லை, ஏனென்றால் வேலை அவருடையது. நிலம் நண்பர் எமர்சனுடையது. கோடாலி இரவல். சட்டத்தைத் தூக்கி நிறுத்த நண்பர்கள் வந்தார்கள். பலகை? ரயில் பாதை போட வந்த ஜேம்ஸ் காலின்ஸ் என்ற ஐரிஷ் தொழிலாளியின் குடிசையை நாலேகால் டாலருக்கு வாங்கி, பிரித்து, அந்தப் பலகைகளை எடுத்துக்கொண்டார்.

தோரோ எதையும் மறைக்கவில்லை. எல்லாம் அவர் புத்தகத்திலேயே இருக்கிறது. மறைத்தது நாம். தனிமையையும் குளத்தையும் மேற்கோள் காட்டுகிறோம், காலின்ஸ் குடும்பம் காலையில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியதை மறந்துவிடுகிறோம். அந்தக் காலின்ஸும் ஒரு குடிசையில்தான் குடியிருந்தார். ஆனால் அதைப் பற்றி அவர் ஒரு புத்தகம் எழுதும் நிலையில் இல்லை. ஒரே பலகை, காலின்ஸிடம் இருந்தபோது வறுமை, தோரோவிடம் வந்ததும் தத்துவம்.

என் கதையும் அதுதான். அக்கா சாந்து பூசிய கையோடு நின்றால் கூலிக்காரி. நான் சாந்து பூசிய கையோடு நின்றால் உள்ளடக்கம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு ஒன்றுமே தெரியாது. மூன்று மாதம் பயிற்சி என்று உட்காரவைத்து முழுச் சம்பளம் கொடுத்தார்கள். பிறகு இரண்டு மாதம் புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருந்தேன், அதற்கும் சம்பளம். முதல் வருடத்திலேயே ஒரு தவறான கட்டளையால் வாடிக்கையாளரின் தளத்தை ஒன்றரை மணி நேரம் படுக்கவைத்தேன். "கத்துக்கிறதுக்கு இது ஒரு வாய்ப்பு" என்றார் மேனேஜர். அந்த வருடமும் இன்கிரிமென்ட் வந்தது. தவறு செய்ய எனக்குச் சம்பளம் கொடுத்து வளர்த்த ஒரு தொழிலில் இருந்துகொண்டு, என் திறமை என் உழைப்பால் மட்டும் வந்தது என்று நான் நம்பியிருக்கிறேன். அக்கா ஒரு சட்டி கலவையைக் கீழே கொட்டினால் அன்றைக்கு முழுக்கப் பேச்சு வாங்குவார்.

*

கடைசியாக, நான் இதுவரை யாரிடமும் சொல்லாத விஷயம்.

ஏழாவது வரி வைக்கும்போது எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மேஸ்திரி அன்று ஊரில் இல்லை. கலவை சட்டியில் இறுகிக்கொண்டிருந்தது. "அக்கா, நீங்க வைங்களேன்" என்று கரண்டியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. தெருப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு கேட்டார்: "தப்பா வெச்சுட்டா பரவால்லீங்களா தம்பி?"

இருபத்திரண்டு வருடத்தில் அவரிடம் யாரும் பரவாயில்லை என்று சொன்னதில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. "பிரிச்சுக்கலாங்க்கா" என்றேன்.

முதல் மூன்று கல் கோணலாகத்தான் வந்தது. அவரே எடுத்துவிட்டார், சாந்தைச் சுரண்டி, நூலை இழுத்துக் கட்டி, மறுபடி வைத்தார். நாலாவது கல்லிலிருந்து என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மேற்குச் சுவர் முழுக்க ஏழாவது வரி அவர் வைத்தது. சட்டியைக் கழுவி வைத்துவிட்டு வழக்கமான கூலியை வாங்கிக்கொண்டு போனார். அதைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும்.

அடுத்த வாரம் மேஸ்திரி வந்து மட்டம் பார்த்தார். விரலால் இணைப்பைத் தடவிக்கொண்டே போனவர் ஓர் இடத்தில் நின்றார். "இந்த வரி பரவால்லடா தம்பி. கை படிஞ்சிருக்கு உனக்கு" என்றார். அக்கா ஆறடி தள்ளி மண் சலித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. நான் வாயைத் திறந்து அக்கா வைத்தது என்று சொல்லியிருக்க வேண்டும். சிரித்தேன். அவ்வளவுதான் செய்தேன். ஒரு பெண்ணின் வேலை ஓர் ஆணின் திறமையாக மாற அந்தச் சிரிப்பு போதும்.

ஆகவே, உழைப்பின் மேன்மை பற்றி எனக்கு வகுப்பு எடுக்க வேண்டாம். கையால் வேலை செய்யுங்கள், மண்ணைத் தொடுங்கள், மனம் லேசாகும் என்கிற உபதேசமும் வேண்டாம். தொடுங்கள், நல்லதுதான். நானும் இனி தொடுவேன். ஆனால் நீங்கள் வீடு கட்டும்போது ஒன்று செய்யுங்கள். ஹாலும் பூஜை அறையும் கொத்தனாரே கட்டட்டும். காம்பவுண்டுச் சுவரில் பத்தடியைச் சித்தாளிடம் கொடுங்கள், கொத்தனார் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுக்கட்டும், இரண்டு பேருக்கும் கொத்தனார் கூலி. கோணலாக வந்தால் பிரிக்கிற செலவு உங்களுடையது. டைல்ஸைத் தேர்ந்தெடுக்க மூன்று கடை ஏறி இறங்குகிற நமக்கு அந்தச் செலவு ஒன்றும் பெரிதில்லை. கொத்தனார் வேலைக்கு ஐடிஐ படிப்பு இருக்கிறது, பயிற்சித் திட்டங்களும் இருக்கின்றன. ஆனால் தினக்கூலியை விட்டுவிட்டுப் படிக்க வா என்றால் யார் வருவார்கள்? கற்கும் நாளுக்கும் கூலி உண்டென்றால்தான் அது பயிற்சி. எனக்கு அப்படித்தான் கொடுத்தார்கள்.

அறைக்கு வெளிப்பூச்சு இன்னும் பூசவில்லை. மேற்குச் சுவரில் கீழிருந்து ஏழாவது வரி கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே இருக்கிறது. மேஸ்திரியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை அவரிடம் படித்துக் காட்டுவது அதற்கு ஒரு வழி.

தை பிறந்ததும் மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு மேடை கட்ட வேண்டியிருக்கிறது. போன வாரம் அக்காவிடம் போனில் பேசினேன். இந்த முறை நீங்கள் கல் வைக்க வேண்டும், நான் கலவை போடுகிறேன் என்று பெரிய மனதோடு சொன்னேன். நெகிழ்ந்துவிடுவார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

"சித்தாள் கூலியா, கொத்தனார் கூலியாங்க தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார்.